விதைப்பூண்டு ரயில் ஏறிய நாள்

போன மாதம் எங்கள் பழைய பத்திரிகையிலிருந்து ஒரு பெண் நிருபர் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். மலைப்பகுதிச் செய்திகளைப் பார்க்கப் புதிதாக நியமிக்கப்பட்டவர். கைபேசியைத் திறந்து அன்றைய பூண்டு விலையைக் காட்டினார்.

"சார், எங்களுக்கு இதிலயே வந்துடுது. உங்க காலத்துல விலை எப்படி எடுப்பீங்க?"

திரையில் ஒரே ஒரு விலை இருந்தது. அது யார் கையில் கிடைக்கும் விலை என்று போடவில்லை. மதுரைக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார் அவர். அதனால் அன்று நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பத்திரிகையில் எனக்குக் கிடைத்த பயிற்சி பெரிதாக ஒன்றுமில்லை. சில மாதங்கள் மதுரையில் பிழை திருத்தினேன். பிறகு மலைக்கு அனுப்பிவிட்டார்கள். கற்றதெல்லாம் செய்தி ஆசிரியர் சண்முகநாதனிடம், தொலைபேசி வழியாகத்தான். அவர் 'ஹலோ' சொன்னதே கிடையாது. எடுத்ததும் நான் அனுப்பிய செய்தியை ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசிக்கத் தொடங்குவார். 'கொடுமையான', 'பரிதாபமான' என்று எதுவும் வந்தால் அங்கே நிறுத்திவிடுவார். அந்தச் சொல்லை நானாக எடுக்கும்வரை மறுமுனையில் சத்தமே இருக்காது. கோபம் வந்தால் என்னை 'சார்' என்பார்.

அவர் வைத்த விதி ஒன்று உண்டு. எந்த விளைபொருளுக்கும் மூன்று விலை எழுத வேண்டும். காட்டில் விவசாயி கைக்கு வருவது, மண்டியில் ஏலம் போவது, கடையில் நாம் கொடுப்பது. மூன்றையும் மூன்று இடத்தில் நின்று கேட்க வேண்டும். மண்டியில் உட்கார்ந்துகொண்டு காட்டு விலையைக் கேட்டு எழுதினால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேத்துப்பாறையில் ஒருவர் தோட்டத்துப் பேரிக்காயைப் பறிக்காமல் மரத்திலேயே விட்டிருந்தார். பழுத்து விழுந்து தரையெல்லாம் குளவி. பறிக்கிற கூலியும் ஜீப் வாடகையும் சேர்ந்தால் மண்டி விலையைத் தாண்டிவிடுகிறது என்றார். பேரிக்காய் விலை வீழ்ச்சி என்று எழுதி அனுப்பினேன். சண்முகநாதன் வாசித்தார், நிறுத்தினார்.

"மண்டியில விலை விழுந்துச்சா?"

"இல்ல சார். போன வருஷ விலைதான்."

"அப்போ செய்தி பேரிக்காய் இல்ல, சார். ஜீப்பு."

அதன் பிறகு தாண்டிக்குடியில் காபி என்றாலும் மிளகு என்றாலும் வண்டி வாடகையைத்தான் முதலில் கேட்பேன். இந்த மலையில் விளைவிப்பது ஒரு பாடு, விளைந்ததை இறக்குவது இன்னொரு பாடு. விளைவிப்பதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. மேல்மலையில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். படிக்கட்டுப் போல இறங்கும் சிறு சிறு வயல்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் நாலைந்து படி. பயிர், பூண்டு. பறித்த பூண்டின் தாளை அவர்கள் வெட்டுவதில்லை. தாளோடு கத்தை கத்தையாகக் கட்டி, விறகடுப்புக்கு மேலே உள்ள பரணில் தொங்கவிடுவார்கள். புகை பட்டுப் பட்டுத் தோல் பழுப்பேறிவிடும். அப்படிப் புகையில் காய்ந்த பூண்டு மாதக்கணக்கில் கெடாது.

விற்கிற பூண்டு ஒரு பக்கம், அடுத்த விதைப்புக்கான பூண்டு ஒரு பக்கம். விதைப்பூண்டு தொங்கும்வரை அந்த அடுப்பு அணையக் கூடாது. இரவில் சாம்பல் போட்டுக் கங்கை மூடி வைப்பார்கள். கேஸ் அடுப்பு வந்த பிறகும் இதற்காகவே விறகடுப்பு இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் கை அந்த அடுப்பில் படக் கூடாது. ஒரு வீட்டு விதையை இன்னொரு வீட்டு விதையோடு கலப்பதும் இல்லை.

அந்த ஊர்ப் பூண்டு விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர் பெரியசாமி. நல்ல உயரம். எதையும் சத்தமாகவே சொல்வார். "மண்டியில எம் பூண்ட நிறுக்கறதுக்கு முந்தியே கமிஷன், கழிவு, சாக்குக் கூலின்னு நம்மள நிறுத்துப்புடுறாங்ய" என்பார்.

வடநாட்டு விதை வியாபாரி ஒருவர் கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வந்தவர், இந்தப் புகைப்பூண்டைக் கண்டு ஊருக்கே வந்துவிட்டார். மண்டி விலையைவிட நல்ல விலை சொன்னார். தங்கள் பக்கம் விதைப்புத் தொடங்குவதற்குள் சரக்கு வந்து சேர வேண்டும், வழியில் அழுகக் கூடாது, இரண்டே நிபந்தனை. அனுப்பும் செலவு ஊர்க்காரர்களுடையது. லாரிக்காரர்களைக் கேட்டார்கள். தார்ப்பாயின் கீழே அத்தனை நாள் புழுங்கினால் பூண்டு தாங்காது, வாடகையும் கட்டுப்படியாகவில்லை.

பெரியசாமியோடு நானும் திண்டுக்கல் பார்சல் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தவர், ஒரு கத்தையை வாங்கி எடையும் போட்டார், டேப்பால் அளந்தும் பார்த்தார்.

"எடை கம்மி, எடம் ஜாஸ்தி. தாள வெட்டிட்டுக் கொண்டாந்தா மூட்டைக் கணக்குல போடலாம். இப்பிடியே போட்டா எடத்துக்குத்தான் சார்ஜ்."

"தாள வெட்டுனா ஈரம் எறங்கிரும்ங்க. அழுகிப்போகும்."

"அப்போ தனி வேன், ரயில்ல ஒரு பார்சல் பெட்டியே எடுங்க. கத்தைக்குக் கம்மியா விழும். ஆனா ஒண்ணு, வேன் முழுசுக்கும் காசு. உள்ள பூண்டு இருக்கா, காத்து இருக்கான்னு ரயில்வே பாக்காது."

"பாதி வேனு, கால் வேனுன்னு கெடையாதாங்க?"

"பாதி ரயிலு இருந்தா சொல்லுங்க, நானே ஏறிப் போறேன்."

பெரியசாமி சிரிக்கவில்லை. பத்து மூட்டை அனுப்புகிறவன் மூட்டைக்குக் கொடுப்பது, வேன் நிறைய அனுப்புகிற வியாபாரி கொடுப்பதைவிடப் பல மடங்கு. சிறியவனாக இருப்பதற்கே தனியாக ஒரு கட்டணம் இருந்தது. அதிலிருந்து தப்ப ஒரே வழி, ஊரே சேர்ந்து ஒரு பெரிய வியாபாரியாக மாறுவது. வீட்டுக்கு வீடு பணம் போட்டு முன்பணம் கட்டினார்கள். கட்டிய பணம் திரும்ப வராது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. சாரல் விடாமல் அடித்ததில், பரண் ஏறுவதற்கு முன்பே வயலில் கிடந்த பூண்டில் ஒரு பகுதி அழுகியது. வேன் வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது எல்லாவற்றையும் தரம் பிரித்துக் குவித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு வேன் காலியாகப் போகும் என்று தெரிந்தது. காலி இடத்துக்கும் சேர்த்துக் கட்டணம் கொடுத்தால் மண்டிக்கே போட்டிருக்கலாம் என்ற கணக்குதான் வந்தது. மண்டிக்குப் போகவும் வழியில்லை. தனியாக விற்கக் கிளம்பியவர்கள் என்று மண்டிக்காரருக்கு ஏற்கெனவே சேதி போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். நான் சுவரோரம் நின்றிருந்தேன். ஊருக்குக் கீழே, ஒரு ஓடையைத் தாண்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியமர்த்தப்பட்டவர்களின் காலனி இருக்கிறது. இந்த ஊர் வயல்களில் கூலிக்கு வேலை பார்ப்பவர்கள் அவர்கள்தான். நாலைந்து குடும்பம் குத்தகைக்குப் பிடித்துத் தாங்களும் பூண்டு போட்டிருந்தது. அங்கிருந்து மாரியாயி என்ற அம்மாள் ஏறி வந்தார். அறுபதை நெருங்கும் வயது. கூலி ஆட்களைச் சேர்த்து அழைத்துவருவது அவர்தான்.

"அண்ணே, வேனில எடம் கெடக்காமே. எங்கட்டயும் பூண்டு இருக்கு. போடுறமா?"

பெரியசாமி அவர் பக்கம் திரும்பினார். "நல்ல யோசனதான் மாரியாயி. ஆனா உங்க பூண்டு வெயில்ல காஞ்சது. புகை கெடையாது."

"தகரக் கூரையில பரண் எங்க கட்ட? எங்களால ஏலாது. இறவாரத்துல நல்லாத்தான் காயவச்சிருக்கு. வந்து பாருங்க."

"நாலு நாள் மூடுன வேனுக்குள்ள போகுது. ஒண்ணு அழுகினாப் பக்கத்துல உள்ளதயும் இழுத்துரும். மொதத் தடவ போற சரக்கு, பேரு கெட்டுரும். கோவிச்சுக்காத."

பின்னாலிருந்து ஒருவர், "கூலிக்கு வர்றவுக எல்லாம் ஏத்துமதி பண்ணக் கெளம்பிட்டாக" என்றார். சிலர் சிரித்தார்கள். மாரியாயி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"கூலியத்தான் மூணு வாரமாக் காணோமே தம்பி. அதான் ஏத்துமதிக்கு வந்துட்டம்."

இப்போது சிரிப்பு பெரிதாக எழுந்தது. மாரியாயி சிரிக்காமல் இறங்கிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு காலி இடத்தைப் பற்றியே பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் பெரியசாமியின் மனைவி நாச்சம்மாள் பெண்கள் பக்கமிருந்து எழுந்தார். "எடம் எடம்னு பேசிக்கிட்டே இருக்கீங்களே. பரண்ல கெடக்குல்ல?"

"எது?"

"வெதை."

ஒரு கிழவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார். பெரியசாமி தரையைப் பார்த்தார். "ஐப்பசிக்கு எதைப் போடுவ?"

"காசு வந்தா வெதை வாங்கிக்கிறலாம். வேன்ல எடம் காலியாப் போனா காசும் இல்ல, சங்கமும் இல்ல. பொறவு நம்ம காலத்துக்கும் மண்டிக்காரன் வாசல்லதான் நிக்கணும். எங்க வீட்டுத நான் எறக்குறேன். மத்தவுக அவுகவுக இஷ்டம்."

வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. மற்ற பெண்களும் எழுந்தார்கள், சேலையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். கூட்டம் முடிந்ததென்று அதிலிருந்துதான் தெரிந்தது.

மறுநாள் வெள்ளனே, பூண்டை ஏற்றிப்போக வந்த பிக்கப் வண்டியோடு எதிர்ச்சரிவின் வளைவில் நின்றிருந்தேன். மழைக்குப் பிறகு தெளிந்திருந்த காலை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஊர் முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. ஒவ்வொரு கூரையிலிருந்தும் புகை, மேலே போய் ஒன்றாகச் சேர்ந்து, மரங்களின் உயரத்தில் ஒரு படுதா மாதிரி நின்றது. அத்தனை வருடம் அந்த ஊருக்குப் போய்வந்திருக்கிறேன். புகை இல்லாமல் அதைப் பார்த்ததே இல்லை.

விதையை இறக்குவதற்கு முன் அடுப்பை அணைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். விதைக்கும் மாதத்தில், நாள் பார்த்து, ஒவ்வொரு வீடும் தனித்தனி நாளில் செய்வது. அன்று எல்லா வீடுகளும் ஒரே காலையில் செய்தன. முதலில் பெரியசாமி வீட்டுக் கூரையில் புகை மெலிந்து நின்றது. அடுத்து அதற்குக் கீழ் வீடு. பிறகு கோயில் பக்கத்து வரிசை. யாரோ மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக விரல் வைத்து அழுத்தியதுபோல் அணைந்துகொண்டே வந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. மேலே நின்ற படுதா கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு காற்றில் கலைந்தது. அதற்குப் பின்னால் மலையின் உச்சிப் பாறை தெரிந்தது. அங்கே அப்படி ஒரு பாறை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வண்டியில் எப்போதும் பாட்டுப் போட்டுவிட்டுக் கூடவே பாடும் டிரைவர் கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். "என்ன சார் இது, ஊரே துக்க வீடு மாதிரி கெடக்கு" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய காரியத்தை இத்தனை பேர் சேர்ந்து பேச்சே இல்லாமல் செய்வதை நான் முன்பும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. குறிப்பு எடுக்கக் கை போகவில்லை. நின்று பார்த்தேன்.

ஆனாலும், கீழே காலனியில் தகரக் கூரைகளின் இறவாரத்தில் வெள்ளையாகத் தொங்கிய பூண்டும் அதே வளைவிலிருந்து தெரிந்தது. அதையும் பார்த்தேன்.

திண்டுக்கல்லில் வேன் தயாராக நின்றது. ஊரிலிருந்து வந்தவர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கத்தைகளை உள்ளே அனுப்பினார்கள். வீட்டு வாரியாக அடுக்க ஆரம்பித்தார்கள். பாதியில் அது நின்றுபோனது. தாளும் தலையும் மாற்றி மாற்றி வைத்தால்தான் இடுக்கில்லாமல் அடங்கும் என்று தெரிந்ததும், யார் வீட்டுக் கத்தை என்று பார்ப்பதை விட்டுவிட்டார்கள். "ஏலே, அந்த மூலையில சந்து கெடக்கு பாரு! வெரசாக் குடு!" என்று நாச்சம்மாள் உள்ளிருந்து சத்தம் போட்டார். பிளாட்பாரம் முழுவதும் புகையும் பூண்டுமாய் வாசம். வேறு ரயிலுக்குக் காத்திருந்த பயணிகள் எழுந்துவந்து வேடிக்கை பார்த்தார்கள். எந்த ஓட்டலுக்கு என்று ஒருவர் கேட்டார்.

மூக்குக் கண்ணாடிக்காரக் குமாஸ்தா கதவருகே வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கையை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. "என் சர்வீஸ்ல காத்துக்குக் காசு குடுக்காத வேனு இது ஒண்ணுதான்யா" என்று சொல்லிவிட்டு சீல் வைத்தார்.

அன்று செய்தி அனுப்பினேன். புகை அணைந்த காலையில் தொடங்கி, சீல் வைத்ததுவரை எழுதியிருந்தேன். மாரியாயி வந்து கேட்டது கடைசிப் பத்தியில் இரண்டு வரி. சண்முகநாதன் முழுவதையும் வாசித்தார். எங்கும் நிறுத்தவில்லை. பெருமையாக இருந்தது எனக்கு. முடித்துவிட்டுச் சொன்னார்.

"கடைசிப் பத்தியத் தூக்கி மேல போடுறேன்."

"ஏன் சார்?"

"வேன்ல எடம் இருக்கு, பக்கத்துல பூண்டு இருக்கு, ஆனா ஊரு வெதைய எறக்குது. படிக்கிறவன் மொதல்ல இதத்தான கேப்பான், சார்?"

அப்படியே வந்தது. பெரியசாமி என்னோடு சில வாரம் பேசவில்லை.

சரக்கு அழுகாமல் போய்ச் சேர்ந்தது. வியாபாரி சொன்ன விலையைக் கொடுத்தார். ரயில் கட்டணம் கழித்த பிறகும், மண்டி விலையைவிடக் காட்டு விலை அதிகமாக நின்றது. என் மூன்று விலைக் கணக்கில் அப்படி எழுதியது அந்த ஒரு முறைதான். ஆனால் கையில் பணத்தோடு விதை தேடிப் போனபோது, கிடைத்ததெல்லாம் வெளி மாநிலப் பூண்டு. இந்தக் குளிருக்கு அது பல் பிரியாது. தங்களுக்கான மலைப்பூண்டு விதை தங்கள் அடுப்புகளின் மேலேதான் இருந்தது என்பது, அது ரயிலில் போன பிறகுதான் பலருக்கு உறைத்தது. அக்கம்பக்கத்து ஊர்களில் அவரவர் தேவைக்குத்தான் வைத்திருந்தார்கள்.

ஐப்பசி பிறந்து சில நாள் கழித்துப் பெரியசாமி என்னைக் கூப்பிட்டார். "காலனிக்குப் போறேன். எழுதுறதா இருந்தா நீங்களும் வந்து நேரா எழுதுங்க. அப்புறம் மாத்தி எழுதாதீங்க."

மாரியாயி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். இறவாரத்தில் பூண்டு அப்படியே தொங்கியது. மண்டியில் வெயில் பூண்டுக்குச் சொன்ன விலைக்கு விற்க மனமில்லாமல் வைத்திருந்தார்களாம். பெரியசாமி அன்று சத்தமாகப் பேசவில்லை.

"வெதைக்கு வேணும் மாரியாயி. என்ன வெலைன்னாலும் சொல்லு."

"இதுக்குப் புகை கெடையாதே அண்ணே?"

பெரியசாமி தலையைக் குனிந்துகொண்டார். அவர் நிமிரும்வரை மாரியாயி விறகைப் பிளந்தார்.

"வெலைக்கு இல்ல. எல்லாருட்டயும் கதைச்சிட்டம். விதைக்கிற அன்னைக்கு நாங்களே கொண்டாறம்."

விலை வேண்டாம் என்றது பெரியசாமிக்குப் பிடிபடவில்லை. திரும்பி நடக்கும்போது, "தர்மமாக் குடுக்குறாளோ?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

விதைப்பு அன்று காலனிப் பெண்கள் வழக்கம்போல் வந்தார்கள். வழக்கத்துக்கு மாறாக ஒவ்வொருவர் மடியிலும் உரித்த பூண்டுப் பல். குனிந்து, சாலில் ஒவ்வொரு பல்லாக ஊன்றிக்கொண்டே படி படியாக இறங்கினார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் நாச்சம்மாள் கூலியை எண்ணி முதலில் மாரியாயியிடம் நீட்டினார். மாரியாயி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார், வாங்கவில்லை. பின்னால் நின்ற பெண்களும் கை நீட்டவில்லை.

"என்னடி, கோவமா?"

"கோவமில்ல அக்கா. இந்த ஊருல, விதை போட்டவங்களுக்குக் கூலி குடுக்கிற வழக்கமா, பங்கு குடுக்கிற வழக்கமா?"

வயலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. அங்கே விதை கொடுத்தவருக்கு விளைச்சலில் பங்கு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். அதை இதுவரை காலனிக்காரர்கள் கேட்க நேர்ந்ததில்லை. அன்று மைதானத்தில் கேலி பேசியவர் பெரியசாமியின் முகத்தைப் பார்த்தார். பெரியசாமி மேல்படியிலிருந்து கீழ்ப்படிவரை, அன்று ஊன்றி முடித்த வயல்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அவ்வளவும் அந்தப் பெண்களின் மடியிலிருந்து விழுந்தது.

"பங்குதான்" என்றார்.

நாச்சம்மாள் நோட்டுகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பெரியசாமி தன் பழைய குரலில் கேட்டார். "அப்பிடின்னா அடுத்த வேனுக்கு உங்க பக்கத்துலயிருந்தும் ஒரு ஆள் கையெழுத்துப் போடணும், மாரியாயி. முன்பணமும் கட்டணும். யாரு வருவீங்க?"

"நான்தான் வருவன். தோட்டத்து லயத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கன் அண்ணே. கையெழுத்து எனக்கு வடிவா வரும்."